கரண்ட் இல்லாமல் தண்ணீர் ஏற்றும் ராம் பம்பு: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே ஓடையில் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருக்கும், மேலே மேட்டில் தென்னை காய்ந்து நிற்கும். சிறுமலை அடிவாரம், பாலமேடு, நத்தம், பெரியகுளம், போடி, வருசநாடு என்று இந்தச் சுற்று வட்டாரத்தில் இப்படித் தோட்டம் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் போனில் கேட்கிற கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன், கேள்விகளைக் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

மோட்டார் இல்லை, டீசல் இல்லை, சோலாரும் இல்லை. அப்புறம் எதை வைத்துத்தான் தண்ணீர் ஏறுகிறது?

இறங்குகிற தண்ணீரை வைத்து. நிறையத் தண்ணீர் கொஞ்ச உயரம் இறங்கினால், அந்த வேகத்தைப் பிடித்து அதில் கொஞ்சம் தண்ணீரை நிறைய உயரத்துக்குத் தள்ளலாம். ஹைட்ராலிக் ராம், சுருக்கமாக ராம் பம்பு, செய்வது இதைத்தான். மீதித் தண்ணீர் பம்பின் வாய் வழியாக வெளியேறி மறுபடி ஓடைக்கே போய்விடும். இறக்கம் இல்லாத இடத்தில் இது ஓடாது. முழுப் பக்கத்தையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் இருந்தால் போதாது, அது இறங்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது?

மேலே இருந்து ஒரு இரும்புக் குழாய் சாய்வாக இறங்கி பம்புக்கு வருகிறது. இதை வரத்துக் குழாய் என்று வைத்துக்கொள்வோம். பம்பில் இரண்டே வால்வுகள். ஒன்று வெளிவால்வு, தன் எடையில் திறந்தே கிடக்கும். தண்ணீர் அதன் வழியாக வெளியே கொட்டும், கொட்டக் கொட்ட குழாயில் வேகம் கூடும், ஒரு கட்டத்தில் அந்த வேகமே வால்வைத் தூக்கிப் படாரென்று மூடிவிடும். மாட்டுத்தாவணி பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் சடன் பிரேக் போட்டால் பின்னால் இருப்பவர்கள் எல்லாம் முன்னால் வந்து விழுவார்களே, குழாய்க்குள் இருக்கிற தண்ணீரும் அப்படித்தான் முன்னே வந்து மோதுகிறது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீரை இரும்புக் குழாயில் திடுக்கென்று நிறுத்தினால், 100 மீட்டருக்கு மேல் உயரமான தொட்டியின் அடியில் இருக்கும் அளவு அழுத்தம் ஒரு கணம் உண்டாகும். அந்த ஒரு கணத்தில் இரண்டாவது வால்வு (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுகிற சாதாரண செக் வால்வுதான்) திறந்து கொஞ்சம் தண்ணீர், காற்று அடைத்த ஒரு சின்ன அறைக்குள் (காற்று அறை) ஏறி, அங்கிருந்து மேலே போகும். அழுத்தம் தணிந்ததும் செக் வால்வு மூடிக்கொள்ளும், வெளிவால்வு மறுபடி விழுந்து திறக்கும், அவ்வளவுதான், மறுபடி முதலில் இருந்து. நிமிடத்துக்கு 40 முதல் 90 தடவை, ராத்திரி பகலாக, யாரும் பக்கத்தில் நிற்காமலே.

வீட்டில் குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் 'டொம்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அதே சமாச்சாரம்தான். பிளம்பர்கள் அதைத் தொல்லை என்பார்கள், நமக்கு அதுதான் மூலதனம்.

இது புது டெக்னாலஜியா?

புதிதா! இங்கிலாந்தில் செஷயர் பகுதியில் ஜான் வைட்ஹர்ஸ்ட் என்பவர் 1772-ல் இதைச் செய்துவிட்டார். ஆனால் அதில் ஒரு ஆள் குழாயைத் திறந்து மூட வேண்டும். தானே திறந்து தானே மூடுகிற மாதிரி ஆக்கியவர் பிரான்சைச் சேர்ந்த ஜோசப் மோங்கோல்ஃபியே, 1796-ல், தன் காகித ஆலைக்குத் தண்ணீர் ஏற்றுவதற்காக. 1783-ல் தம்பியோடு சேர்ந்து சூடான காற்று பலூனைப் பறக்கவிட்டவரும் இவரேதான். பலூனுக்கு ஊரெல்லாம் கூட்டம் கூடியது, இந்தப் பம்புக்கு அவ்வளவு புகழ் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால் இரண்டில் உருப்படியானது பம்புதான்.

நம் ஊரில் ஏற்றமும் கமலையும் கரண்ட் இல்லாமல் ஓடியவைதான், ஆனால் ஒன்றுக்கு ஆள் மிதிக்க வேண்டும், மற்றதற்கு மாடு நடக்க வேண்டும். இதற்கு இரண்டும் வேண்டாம்.

எங்கள் தோட்டத்தில் 60 அடிக் கிணறு இருக்கிறது. அதில் வைக்கலாமா அண்ணே?

முடியாது. கிணற்றுத் தண்ணீர் தேங்கி நிற்கிறது, எங்கேயும் இறங்கவில்லை. போர்வெல்லுக்கும் இதே பதில். தினமும் வருகிற கேள்வி இது, பதிலைக் கேட்டதும் எதிர்முனையில் குரல் இறங்கிவிடும், என்ன செய்வது.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு, கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். வாய்க்காலில் தண்ணீர் வரும் காலத்தில் சில பேர் அதைக் கிணற்றுக்குள் விட்டு ஊற்றை ஏற்றிக்கொள்வார்கள். அப்படி விடும்போது தண்ணீர் தரைமட்டத்தில் இருந்து கிணற்று நீர்மட்டம் வரை விழுகிறது இல்லையா, அந்த விழுகை வீணாகத்தான் போகிறது. கிணற்றுச் சுவரில் 20 அடி ஆழத்தில் ஒரு மேடை கட்டி அதில் ராமை வைத்தால், நிமிடத்துக்கு 60 லிட்டர் உள்ளே விடும்போது, தரையில் இருந்து 20 அடி உயரத்தில் இருக்கிற தொட்டிக்கு (பம்பில் இருந்து பார்த்தால் 40 அடி) நிமிடத்துக்குச் சுமார் 18 லிட்டர் ஏறும், மணிக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல். மீதி 42 லிட்டர் கிணற்றுக்குள் விழுந்து ஊற்றுக்கே போகும். கணக்கு எப்படி என்று கீழே வருகிறது. இதில் இரண்டு நிபந்தனை: கிணறு அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும், நீர்மட்டம் ஏறி பம்பை மூழ்கடித்துவிடக் கூடாது. மூழ்கினால் நின்றுவிடும். வாய்க்கால் தண்ணீர் வரும் நாட்களில் மட்டும் ஓடக்கூடிய ஏற்பாடு இது, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பிளாஸ்டிக் கேனைக் கவிழ்த்து வைத்தால் கிணற்றில் இருந்து தானாகத் தண்ணீர் வருவதாக ஒரு வீடியோ பார்த்தேன். உண்மையா?

பொய். அந்த வீடியோவை எனக்கு அனுப்பாதவர்கள் இல்லை. எங்கோ ஒரு ஹோஸ் மறைவாகப் புதைந்திருக்கும், அல்லது கேமராவுக்குப் பின்னால் மோட்டார் ஓடும். சைபன் என்பது உண்மையான விஷயம்தான், ஆனால் அது மேட்டைத் தாண்டி, தொடங்கிய நீர்மட்டத்தை விடத் தாழ்வான இடத்துக்கு மட்டுமே கொண்டுபோகும், உயரத்துக்கு ஏற்றாது. தாண்டுகிற மேடும் நடைமுறையில் 20, 25 அடிக்கு மேல் போனால் அறுந்துவிடும், ஏனென்றால் காற்றழுத்தம் தாங்கக்கூடிய தண்ணீர்த் தூணே சுமார் 10 மீட்டர்தான்.

இதே ரகத்தில் இன்னொரு கேள்வி வரும்: ராம் ஏற்றிய தண்ணீரையே திரும்ப இறக்கி அதே ராமை ஓட்டினால் என்ன? ஒவ்வொரு சுற்றிலும் பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் மிஞ்சும், மற்றது உராய்விலும் வால்வு மோதுகிற அடியிலும் போய்விடும். ஓடாது.

சரி, எனக்கு எவ்வளவு தண்ணீர் கிடைக்கும்? அதைச் சொல்லுங்கள்.

கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். பம்புக்கு வருகிற தண்ணீரை இறக்கத்தால் பெருக்கி, ஏற்ற வேண்டிய உயரத்தால் வகுத்து, அதில் 60 சதவீதம் எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக அமைத்த பம்பு 60, 70 சதவீதம் தரும், கையால் செய்தது 50 தந்தாலே சந்தோஷப்பட வேண்டும். உயரத்தை எப்போதும் பம்பில் இருந்து அளக்க வேண்டும், ஓடை மட்டத்தில் இருந்து இல்லை.

உதாரணமாக ஓடையில் இருந்து நிமிடத்துக்கு 60 லிட்டர் எடுக்க முடிகிறது, இறக்கம் 10 அடி, தொட்டி 100 அடி மேலே. 60 பெருக்கல் 10, வகுத்தல் 100 என்றால் 6. அதில் 60 சதவீதம் 3.6 லிட்டர். நிமிடத்துக்கு 3.6 லிட்டரா, இதற்கா இத்தனை பாடு என்று தோன்றும். ஆனால் அது நிற்காது. மணிக்கு 216 லிட்டர், ஒரு நாளைக்கு 5,000 லிட்டருக்கு மேல். சொட்டுநீர் போட்ட தென்னைக்கு நாளைக்கு 60 லிட்டர் என்று வைத்தால் ஒரு ஏக்கர் மரத்துக்கு ஓரளவு கட்டிவரும். வாழை என்றால் 250, 300 மரத்துக்குத்தான் காணும். நெல்லுக்கு? நினைக்கவே வேண்டாம்.

இறக்கம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. மேலே சொன்ன இடத்திலேயே பம்பை இன்னும் 5 அடி கீழே தள்ளி வைக்க முடிந்தால், ஏற்றம் 105 அடி ஆனாலும் தண்ணீர் 5.1 லிட்டர் ஆகிவிடும். அதனால் பம்பு வைக்கும் இடத்தை முடிவு செய்வதற்கு முன் ஓடையோடு கீழே நடந்து பாருங்கள், ஒரு பாறைச் சரிவு கிடைத்தால் யோகம்தான். இறக்கத்தைப் போல 10 மடங்கு உயரம் வரை தாராளமாகப் போகலாம், 20 மடங்குக்கு மேல் போனால் சொட்டுத்தான் வரும்.

என் 5 எச்.பி. மோட்டார் இதை எவ்வளவு நேரத்தில் செய்யும்?

அந்த 5,000 லிட்டரை 100 அடிக்கு ஏற்ற கால் மணி நேரம் போதும். உண்மையை மறைப்பானேன், இந்த ராமின் சக்தி 18 வாட்தான். அதனால் வாசலில் மின்கம்பம் இருக்கிறது, விவசாய இணைப்பு இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்றால் இதில் காசைப் போடாதீர்கள் என்றுதான் நானே சொல்வேன். கம்பம் வராத மலைச்சரிவு, விவசாய இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருக்கிற தோட்டம், மும்முனை கரண்ட் வரும் நேரத்துக்காக ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு போக முடியாத வயதானவர்கள், இவர்களுக்கான சாமான் இது. சோலார் பம்போடு ஒப்பிட்டால், அது வெயிலில் மட்டும் ஓடும், தண்ணீர் அதிகம் தரும், கிணற்றில் இருந்தும் எடுக்கும். கிணறுதான் ஆதாரம் என்றால் சோலார், சரிவில் ஓடும் ஓடை என்றால் ராம். இரண்டுக்கும் சண்டையே இல்லை.

இறக்கத்தையும் வரத்தையும் அளக்க இன்ஜினியர் வேண்டுமா?

கொத்தனாரிடம் இருக்கிற டியூப் லெவல் போதும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப்பில் தண்ணீர் நிரப்பி இரண்டு பேர் பிடித்தால், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஓடையின் மேல்முனையில் இருந்து தொடங்கி, ஒரு குச்சியில் அளவு குறித்துக்கொண்டு படிப்படியாக இறங்கிக் கூட்டிக்கொண்டே வாருங்கள், குமிழி மட்டும் டியூப்பில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். செல்போனில் உயரம் காட்டும் ஆப்பை நம்பி வந்தவர்கள் உண்டு, நமக்குத் தேவையான அளவுக்கு அது கொஞ்சமும் துல்லியம் இல்லை.

வரத்துக்கு, ஓடையைக் கல்லும் களிமண்ணும் வைத்து ஒதுக்கி ஒரு துண்டுக் குழாய் வழியாக விட்டு, வாளியை வையுங்கள். 15 லிட்டர் வாளி 15 நொடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 60 லிட்டர். ஆனால் எப்போது அளக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். மதுரைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லா ஓடையும் கங்கைதான். பங்குனி, சித்திரையில் போய் அளந்துவிட்டு வந்து பேசுங்கள். அப்போது வறண்டுவிடும் என்றால், வருஷத்தில் எத்தனை மாதம் ஓடும், அந்த மாதங்களில் மழையும் இருக்குமே, பிறகு யாருக்காகத் தண்ணீர் ஏற்றுகிறோம் என்று கணக்குப் பாருங்கள். பழனி மலைத்தொடரில் இருந்து இறங்குகிற ஓடைகள், கும்பக்கரைப் பக்கம், போடிக்கு மேலே கொட்டக்குடி ஆற்றை ஒட்டிய சரிவுகள் இந்த விஷயத்தில் சிறுமலை ஓடைகளை விடப் பரவாயில்லை, இருந்தாலும் அளக்காமல் யாரையும் நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து.

கண்மாய் மடையில் வைக்கலாமா?

கணக்குப்படி ஓடும். கண்மாய் நிறைந்திருக்கும்போது நீர்மட்டத்துக்கும் கீழே வயலுக்கும் 6, 8 அடி வித்தியாசம் இருந்தால் ராமுக்கு அதுவே போதும். வெளிவால்வில் இருந்து விழும் தண்ணீர் வாய்க்காலுக்கே போவதால் பெரும்பகுதி யாருக்கும் குறையாது. ஆனால் கண்மாய் வற்ற வற்ற இறக்கமும் குறையும், கடைசியில் எப்போது தண்ணீர் அவசியமோ அப்போது நின்றுபோகும். அதை விடப் பெரிய விஷயம் ஊர். கரையைத் துளைத்துக் குழாய் போடுவது சட்டப்படியும் தப்பு, கரைக்கும் ஆபத்து. ஆயக்கட்டுக்காரர்கள் சும்மா விட மாட்டார்கள், விடவும் கூடாது. ஊர்க்கூட்டத்தில் பேசி, தண்ணீர் பாய்ச்சுகிறவரையும் கலந்துகொண்டு, ஊருக்கே ஒரு பொதுத் தொட்டி என்று செய்தால் ஒருவேளை நடக்கும்.

வைகையில்? பெரியாறு கால்வாயில்?

1895-ல் பெரியாறு அணை வந்து தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்தது. அங்கே பெரிய இறக்கம் இருக்கிறது, அதில் இப்போது லோயர் கேம்பில் மின்சாரமே எடுக்கிறார்கள். ஆனால் வைகையில் இருக்கிற பேரணைத் தடுப்பணையில் பிரிந்து மேலூர்ப் பக்கம் வருகிற கால்வாய் ஏறக்குறைய மட்டமாகத்தான் வருகிறது. ராமுக்கு வேண்டிய இறக்கம் அதில் கிடையாது.

மட்டமாக, ஆனால் வேகமாக ஓடுகிற தண்ணீருக்கு வேறு ஒரு கருவி உண்டு, சுருள் பம்பு. ஒரு சக்கரத்தில் ஹோஸைச் சுருளாகச் சுற்றி, சக்கரத்தில் துடுப்பு வைத்து, பாதி மூழ்க ஓடும் நீரில் விட்டால், சுற்றும்போது ஹோஸின் வாய் ஒரு வாய்த் தண்ணீர், ஒரு வாய்க் காற்று என்று மாறி மாறி விழுங்கும். ஒவ்வொரு சுருளிலும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் சேர்ந்து நடு அச்சு வழியாகத் தண்ணீர் மேலே போகும். சூரிச்சில் விர்ட்ஸ் என்பவர் 1746-லேயே செய்தது இது. பார்க்க ரொம்ப அழகாக இருக்கும். நம் பக்கத்து ஆற்றில் ஆகாயத்தாமரையும் பழைய துணியும் பிளாஸ்டிக்கும் வந்து சுற்றிக்கொள்வதைப் பார்த்தால் அந்த ஆசை போய்விடும். வைகையில் அணை திறந்தால்தான் ஓட்டமே. அரசுக் கால்வாயில் அனுமதி இல்லாமல் எதையும் இறக்கவும் முடியாது.

நானே செய்ய முடியுமா? என்னென்ன சாமான் வேண்டும்?

முடியும், நல்ல பிளம்பர் ஒருவர் கூட இருந்தால். 2 இன்ச் அளவு நம் ஓடைகளுக்குச் சரியானது, நிமிடத்துக்கு 30 முதல் 100 லிட்டர் வரை தாங்கும். வரத்துக் குழாயின் முடிவில் ஒரு கேட் வால்வு, ஒரு யூனியன் (கழற்றி மாட்டுகிற இணைப்பு), அப்புறம் ஒரு டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு). டீயின் மேல்வாயில் வெளிவால்வு: பித்தளை ஸ்விங் செக் வால்வை, தட்டு தானாகத் தொங்கித் திறந்திருக்கிற மாதிரி திருப்பி மாட்ட வேண்டும். டீயின் அடுத்த வாயில் தண்ணீர் மேலே போகிற பக்கம் பார்த்து இன்னொரு செக் வால்வு. அதை அடுத்து இன்னொரு டீ, அதன் மேல்வாயில் காற்று அறை, நேர்வாயில் இன்னொரு யூனியன், அப்புறம் ஒரு கேட் வால்வோடு மேலே போகிற ஹோஸ். எல்லாம் பம்பு செட் சாமான் கடையில் கிடைப்பவைதான். லேத் பட்டறையில் கொடுத்து வெளிவால்வைத் தனியாகச் செய்துகொண்டால், எடை கூட்டிக் குறைக்க வசதியாக இருக்கும், ரொம்ப நாள் உழைக்கும்.

மேலே போகிற ஹோஸ் முக்கால் அல்லது ஒரு இன்ச் கருப்பு எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் போதும். 100 அடி உயரத்துக்கு 3 கிலோ அழுத்தம் வரும், 6 கிலோ தாங்குகிற ரகமாக வாங்குங்கள். மிச்சம் பிடிக்க அரை இன்ச் போட்டால், தூரம் அதிகமாக இருக்கும்போது உராய்விலேயே தண்ணீர் குறைந்துவிடும்.

பம்பை சிமென்ட் மேடையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். ஒரு நாளைக்கு எண்பது, தொண்ணூறாயிரம் தடவை அடிக்கிற சாமான், கல்லை முட்டுக் கொடுத்து வைத்தால் ஒரு வாரத்தில் நடந்து போய்விடும்.

வரத்துக் குழாய்க்கு பி.வி.சி. போடலாமா? இரும்பு விலை தலைசுற்றுகிறதே.

தலைசுற்றத்தான் செய்யும், மொத்தச் செலவில் பெரும்பகுதி அந்தக் குழாய்தான். ஆனாலும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) போடுங்கள். தண்ணீர் நிற்கும்போது வருகிற அடியை பி.வி.சி. தானே விரிந்து வாங்கிக்கொள்ளும், அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். 30, 40 அடி ஏற்றினால் போதும் என்பவர்கள் கனமான பி.வி.சி.யில் ஓட்டுகிறார்கள், மறுக்கவில்லை, வெயிலில் காய்ந்து மூட்டில் பிளக்கிற வரைக்கும் ஓடும். மலைப்பக்கம் காட்டுமாடு ஒரு மிதி மிதித்தால் அன்றே முடிந்தது. இரும்புக்கு வேறு ஆபத்து, பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேர்ந்துவிடும். முடிந்த வரை புதைத்துவிடுங்கள்.

குழாய் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

இறக்கத்தைப் போல 4 முதல் 7 மடங்கு. 10 அடி இறக்கத்துக்கு 20 அடி நீளக் குழாய் மூன்று, நேராக, எல்போ வளைவு இல்லாமல். ரொம்பக் குட்டையாக இருந்தால் தண்ணீர் வேகம் பிடிப்பதற்குள் வால்வு மூடிவிடும், ரொம்ப நீளமாக இருந்தால் உராய்வு தின்றுவிடும்.

ஓடை சாதுவாக இறங்குகிறது, 10 அடி இறக்கம் கிடைக்க 300 அடி நடக்க வேண்டியிருக்கிறது என்றால் அதற்கும் வழி உண்டு. 300 அடிக்கும் இரும்பு வேண்டாம். பம்புக்கு 60 அடி முன்னால் வரை 3 இன்ச் பி.வி.சி.யில் கொண்டுவந்து, அங்கே ஒரு குழாயைச் செங்குத்தாக, வாய் திறந்தபடி, ஓடையின் நீர்மட்டத்தை விட ஒரு அடி உயரமாக நிறுத்துங்கள். அதன் அடியில் இருந்து இரும்புக் குழாய் தொடங்கட்டும். அடியின் அதிர்வு அந்தத் திறந்த வாயோடு அடங்கிவிடும், பி.வி.சி.க்குப் போகாது.

காற்று அறை எதற்கு? அது இல்லாமல் ஓடாதா?

கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் எதையாவது உடைக்கும். ஒவ்வொரு அடியிலும் ஏறுகிற தண்ணீரை அந்தக் காற்று அமுங்கி வாங்கி, பிறகு சீராக மேலே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 60 தடவை அடித்து 3.6 லிட்டர் ஏறுகிறது என்றால் ஒரு தடவைக்கு 60 மில்லி, அதைப் போல 20 முதல் 50 மடங்கு காற்று வேண்டும். 4 இன்ச் குழாயில் ஒன்றரை அடித் துண்டு வெட்டி மேலே எண்டு கேப் போட்டால் சரியாக இருக்கும்.

ஒரு சிக்கல், அந்தக் காற்று நாளாக நாளாகத் தண்ணீரில் கரைந்து போய்விடும். அதற்குத்தான் செக் வால்வுக்குச் சற்று முன்னால் ஒரு மில்லிமீட்டர் அளவில் ஒரு ஓட்டை போடுவார்கள். அடி முடிந்து அழுத்தம் தாழும் கணத்தில் அது துளி காற்றை உறிஞ்சி உள்ளே அனுப்பும். ஓட்டையில் இருந்து மெல்லிய பீச்சல் வந்துகொண்டே இருக்கும், லீக் என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்துவிடாதீர்கள். ஓட்டை வேண்டாம் என்பவர்கள் லேசாகக் காற்றடித்த சைக்கிள் டியூப்பைச் சுருட்டி அறைக்குள் திணித்துவிடுகிறார்கள், அதுவும் வேலை செய்கிறது.

மாட்டியாகிவிட்டது. ஓட மாட்டேன் என்கிறதே?

தானாகத் தொடங்காது. மேலே போகிற ஹோஸின் வால்வை முதலில் மூடி வைத்து, வரத்தைத் திறந்து, வெளிவால்வின் தட்டைக் கையால் அழுத்தி விட்டு அழுத்தி விட்டு 20, 30 தடவை அடிக்க வேண்டும். காற்று அறையில் கொஞ்சம் எதிர் அழுத்தம் சேர்ந்ததும் தானே பிடித்துக்கொள்ளும். பிறகு மேல் வால்வை மெதுவாக, மிக மெதுவாகத் திறங்கள். ஹோஸ் முழுக்க நிரம்பி மேலே தண்ணீர் வந்து விழ நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும்.

அப்புறமும் நின்று நின்று போனால் முதலில் தண்ணீர் நுழைகிற குழாய் வாய்க்குப் போங்கள். பத்தில் எட்டு தடவை இலைதான் காரணம். வரத்துக் குழாயின் வாயை ஒரு தொட்டிக்குள் ஓரடி ஆழத்தில் வைத்து, பெரிய வலைக்கூடை போடுங்கள். குழாய் வாயில் தண்ணீர் சுழித்துக் காற்றை இழுத்தாலும் நின்றுவிடும். அதற்கடுத்து, வால்வில் மணல். அதற்கடுத்து, ரப்பர் வாஷர் தேய்மானம். 'டக் டக்' என்று கேட்கிற சத்தம் 'டங் டங்' என்று மாறினால் காற்று அறையில் காற்று போய்விட்டது என்று அர்த்தம்.

சத்தம் பற்றியும் கேட்கிறார்கள். கேட்கும், ராத்திரியில் நன்றாகவே கேட்கும். படுக்கிற குடிசைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கோடையில் வரத்து குறைந்தால் பம்பை நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். வெளிவால்வின் எடையைக் குறைத்தால் சீக்கிரம் மூடும், அடி வேகமாகும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும். ஏறுவதும் குறையும், ஆனால் நிற்காது. மழைக்காலத்தில் எடையைக் கூட்டிக்கொள்ளலாம். தண்ணீர் நிறைய இருக்கிற இடத்தில் பெரிய பம்பு ஒன்றுக்குப் பதில் சிறியதாக இரண்டு வைப்பது என் கட்சி. ஆளுக்கொரு வரத்துக் குழாய், மேலே போவதற்கு மட்டும் ஒரே ஹோஸ். கோடையில் ஒன்றை நிறுத்திவிடலாம், ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும்.

இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

ஓடையில் அள்ளிக் குடிக்கலாம் என்றால் குடிக்கலாம், பம்பு எதையும் சுத்தம் செய்யாது. காய்ச்சிக் குடியுங்கள்.

அனுமதி?

பட்டா நிலத்துக்குள் இருக்கிற ஊற்று என்றால் தகராறு குறைவு. காப்புக்காடு என்றால் வனத்துறையைக் கேட்காமல் ஒரு கல்லைக் கூட நகர்த்தாதீர்கள், அதுவும் மேகமலைப் பக்கம் 2021-ல் இருந்து புலிகள் காப்பகம். கீழே இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஓடையை மறிக்கவில்லை, எடுப்பதில் கொஞ்சம்தான் மேலே போகிறது என்று நேரில் காட்டிவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது. காட்டாமல் விட்டால் 'டக் டக்' சத்தத்தைக் கேட்டு ஊரையே இறைக்கிறான் என்பார்கள்.

வெள்ளம் வந்தால் பம்பு போய்விடுமே?

போகும், பாதுகாக்காவிட்டால். அதனால்தான் இரண்டு பக்கமும் யூனியன் போடச் சொன்னது. புரட்டாசி கடைசியில் மானம் கறுக்கத் தொடங்கியதும் வரத்து வால்வை மூடி, யூனியனைக் கழற்றி, நாலு போல்ட்டை எடுத்தால் பம்பு கையோடு வந்துவிடும். குழாய் புதைந்திருந்தால் அது அங்கேயே கிடக்கட்டும், வாய்க்கு மட்டும் ஒரு மூடி போடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே மண் ஏறி அடைத்துக்கொள்ளும். வெள்ளம் வடிந்ததும் ரப்பரை மாற்றி, ஸ்பேனரோடு போய் மறுபடி மாட்ட ஒரு மணி நேர வேலைதான்.